கோபுரம் எழுப்பப்படாத பாதை

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் என் தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து, பிலிமத்தலாவையில் என்னுடன் பத்து நாட்கள் தங்கினான். கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். வாசிப்பதற்குச் சற்றுத் தடுமாறுவான். வந்த அன்றிரவே கைத்தொலைபேசியைத் திறந்து படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டான். ரொறன்ரோவுக்கு வடக்கே சில மணிநேரப் பயணத்தில் அல்கொன்குயின் என்றொரு பெருங்காடு இருக்கிறது. 1893ஆம் ஆண்டு முதல் அரசு பாதுகாத்துவரும் காடு. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் சிவந்து மஞ்சளித்து நிற்கும்போது, நண்பர்கள் வாகனங்களில் அங்கே செல்கிறார்கள். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, இரண்டு மூன்று இரவுகள் தங்கித் திரும்புகிறார்கள். ஆண்டுதோறும் இதைச் செய்யாவிட்டால் அவனுக்கு ஆண்டு நிறைவதில்லையாம்.

"மாமா, இங்கேயும் காட்டுக்குள்ள டென்ட் அடிச்சுத் தங்கலாமா?" என்று கேட்டான். கேட்டதோடு நில்லாமல், பயணப் பெட்டியிலிருந்து ஒரு சிறிய கூடாரத்தையும் எடுத்துக் காட்டினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இதே மாதத்தில் வடக்குக் காட்டுக்குள்ளால நம்ம குடும்பத்தில் ஒருத்தர் ஏற்கெனவே நடந்து வந்திருக்கிறார் தம்பி. அவரிடம் டென்ட் மட்டும்தான் இருக்கவில்லை" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததில் வியப்பும் இல்லை. அவனுடைய தாய்க்கே அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். அடுத்த வாரம் வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு இருவரும் தலைமன்னாருக்குப் புறப்பட்டோம். அந்தப் பயணத்தையும், அதன் வழியே நான் அவனுக்குச் சொன்னவற்றையும், சொல்லத் தவறியவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிலிமத்தலாவையைப் பற்றிச் சிறிது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறி முடித்ததும் வருகின்ற ஊர் இது. வீதியோரம் பித்தளை விளக்குகள் விற்கும் கடைகளால் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஊரின் பெயரைக் கேட்டால் வரலாறு அறிந்தவர்களுக்குப் பிலிமத்தலாவை அதிகாரம் நினைவுக்கு வருவார். 1798இல் நாயக்கர் வம்சத்து இளைஞன் ஒருவனைக் கண்டியின் அரியணையில் ஏற்றியவர் அவர். அதே அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் 1811இல் மரண தண்டனைக்கு உள்ளானவரும் அவரே. அந்தக் கதை இங்கே வேண்டாம். அது தனியாக எழுதப்பட வேண்டியது.

எனக்கு முக்கியமானது இந்த ஊரினூடாகச் செல்லும் வீதி. ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தை 1815இல் கைப்பற்றிய பின்னர், 1820ஆம் ஆண்டளவில் இந்த வீதியை வெட்டத் தொடங்கினார்கள். பொறியியலாளர் கப்டன் டோசன். கடுகண்ணாவைக் கணவாய்ப் பகுதியில் அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களில், பின்னாளில் இலங்கையின் வீதிகளின் தந்தை என்று புகழப்பட்ட தோமஸ் ஸ்கின்னரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினாறுதான். டோசன் 1829இல் இறந்தார். அவருடைய நினைவாக நன்கொடை திரட்டி, 1832இல் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். ஏறத்தாழ 125 அடி உயரமான அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அதே 1832இல் இந்த வீதியில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். ஆணி அடிக்காமல், ஒரே வளைவாக நின்ற பாலம். 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை அது பயன்பாட்டில் இருந்தது.

ஆக, வெள்ளைத் துரைமார் வந்த வீதி இது. கோப்பி இறங்கிப்போன வீதியும் இதுவே. கண்டி மலைகளில் விளைந்த கோப்பியை மூட்டை மூட்டையாகக் கட்டி, மாட்டுக் கரத்தைகள் வரிசையாக என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் கோப்பியைப் பறித்த கைகள் மட்டும் இந்த வீதியால் வரவில்லை. அவை வந்த பாதை வேறு.

கோப்பியின் கதையை வாசகர்கள் அறிவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் 1820களின் நடுப்பகுதியில் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு அடுத்த கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் 1830களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தபோது, இலங்கைக் கோப்பிக்கு யோகம் அடித்தது. காடுகள் எரிந்தன, மலைகள் தோட்டங்களாயின. வேலைக்கு ஆள் வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவர், தம் வயலையும் சேனையையும் விட்டுத் துரையின் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக நிற்க விரும்பவில்லை. கடலுக்கு அப்பால் இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளில் நிலமும் இல்லாமல் மழையும் இல்லாமல் கடனில் மூழ்கிக் கிடந்த மக்கள் இருந்தார்கள்.

இனி, அந்த மாதக் கணக்கு. கோப்பிப் பழம் கண்டிப் பகுதியில் முதிர்வது பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆகவே ஆட்கள் ஆவணி முதல் கார்த்திகை வரை வந்து சேர்ந்தார்கள். பறிப்பு முடிந்ததும் மாசி, பங்குனியில் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலை போல ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர் அல்ல கோப்பி. எனவே அன்றைய பயணம் ஒரேயடியாகக் குடியேறும் பயணமாக இருக்கவில்லை. பருவந்தோறும் வந்து போகும் பயணமாகவே இருந்தது. கனடாவில் இலை சிவக்கும் அதே வாரங்களில், எங்கள் ஆட்கள் பாம்பன், தொண்டி போன்ற கரைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள் நுழைந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். சொந்தக் கிராமத்திலிருந்து கடற்கரைவரை நடந்த தூரம் இந்தக் கணக்கில் சேராது.

மருமகன் நியாயமாகவே கேட்டான்: "கொழும்புக்குக் கப்பல்ல வந்து, நல்ல ரோட்டால ஏன் மாமா வரல்ல?"

வந்திருக்கலாம். ஆனால் கப்பல் கட்டணம் ஒன்று இருக்கிறது. தோணிக் கூலி மலிவு; காலால் நடப்பதற்குக் கூலி எதுவுமில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்த கங்காணி, தோட்டத் துரையிடம் முன்பணம் வாங்கியிருப்பான். வழிச்செலவு முழுவதும் அவன் கணக்கிலிருந்து போவது; பிறகு அவன் அதைக் கூலியாளின் கடனாக எழுதிக்கொள்வான். வழியில் எவ்வளவு குறைவாகச் செலவாகிறதோ அவ்வளவுக்கு அவனுக்கு இலாபம். துரைக்கோ, ஆள் எந்த வழியால் வந்தான் என்பது பிரச்சினையல்ல. கோப்பி பழுக்கும்போது வந்து நின்றால் போதும்.

மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்ற இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அந்த முறை கொடுமையானது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கப்பல் ஏறுமுன்னர் ஒவ்வொருவருடைய பெயரும், தகப்பன் பெயரும், வயதும், ஊரும், சாதியும், உடலில் உள்ள மச்சமும் தழும்பும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டன. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவகத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன. பேரப் பிள்ளைகள் போய்த் தங்கள் பாட்டனின் பெயரைக் கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். இலங்கை பக்கத்து நாடு. தோணியில் வந்து போகிற தூரம். ஆகவே இங்கே ஒப்பந்தமும் இல்லை, பாதுகாப்பு அதிகாரியும் இல்லை, பெயரேடும் இல்லை. இந்திய அரசு 1839இல் கூலிகளின் வெளியேற்றத்தைத் தடைசெய்தது. 1847இல் இலங்கைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கு வந்தவர்கள் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாமல் வந்தார்கள். 1844, 1845 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஆண்டுக்கு எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் வந்திறங்கியதாகக் கணக்கு இருக்கிறது. மன்னார்க் கரையில் தலைகளை எண்ணினார்கள்: ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை. அவ்வளவுதான்.

நாங்கள் போன வழி அவர்கள் வந்த வழிக்கு எதிர்த்திசை. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை என்று ஏ-9 வீதியில் ஏறி, மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினோம். அங்கிருந்து ஏ-14 வீதி, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாக மன்னாருக்குப் போகிறது. மாத்தளைவரை மலைக்காற்று, நாலந்தை தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. மருமகன் ஜன்னல் வழியே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிறைந்த உலர்வலயக் காடு. அவனுக்கு முதலில் ஏமாற்றம்தான். கனடாக் காடு போல ஏரியும் நிறமும் இல்லை. "இது வேற மாதிரிக் காடு" என்றான். செட்டிகுளத்துக்கும் முருங்கனுக்கும் இடையே ஓரிடத்தில் இறங்கி நின்றோம். ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. சாரதி மட்டும் இறங்கவில்லை. யானை வரும் நேரம் என்று இயந்திரத்தை நிறுத்தாமலே வைத்திருந்தார்.

இந்தக் காட்டில் அன்றைய நடையர்களுக்கு எந்த மாதமும் நல்ல மாதமாக இருக்கவில்லை. ஆவணி, புரட்டாசியில் வந்தால் கடும் வரட்சி. குளங்கள் வற்றிச் சேறாகி, விலங்கும் மனிதனும் ஒரே குட்டையில் குடிக்கவேண்டிய நிலை. வாந்திபேதி அங்கேதான் காத்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வடகீழ்ப் பருவமழை. மல்வத்து ஓயா பெருகிப் பாதையை மறிக்கும். இந்த ஆறு மன்னார்ப் பக்கத்தில் அருவியாறு என்ற அழகிய பெயருடன் கடலை நோக்கிப் போகிறது. ஈரத்தில் படுத்தால் காட்டுக் காய்ச்சல். நெல்லரிசியைச் சிறு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, முதல் நாள் சோற்றை மறுநாள் உண்டு, நூறு பேர் அளவில் கூட்டமாக நடந்தார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் மற்றவர்கள் நிற்க முடியாது. நின்றால் எல்லோருக்கும் வரும்; அரிசியும் தீரும். வழிக் கிராமத்தவர்களும் அச்சத்தால் ஒதுங்கிக்கொள்வார்கள். நோயாளி மரத்தடியில் விடப்பட்டான். பின்னால் வந்த கூட்டம் அவனைக் கண்டது. அல்லது அவனில் எஞ்சியதைக் கண்டது.

எத்தனை பேர் இறந்தார்கள்? இந்தக் கேள்விக்கு நானும் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் விடை தேடியிருக்கிறேன். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண்ணிக்கை எழுபதினாயிரம். 1840களில் வந்தவர்களில் நான்கில் ஒருவர் இறந்தார் என்பது அதன் பொருள். 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று வெளியிட்ட மதிப்பீடு அது. மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் நாம் அதை அப்படியே எடுத்துச் சொல்கிறோம். நானும் இளவயதில் எழுதியிருக்கிறேன். ஆனால் அத்தகைய கணக்குகள் எப்படிப் போடப்பட்டன என்பதைப் பார்க்கவேண்டும். வந்தோர் தொகையிலிருந்து திரும்பிச் சென்றோர் தொகையைக் கழி, தோட்டங்களில் எஞ்சியிருப்போர் தொகையையும் கழி, மிச்சம் இறந்தவர்கள். வந்தவர்களை எண்ணிய அளவுக்குத் திரும்பியவர்களை யாரும் கவனமாக எண்ணவில்லை. கடனுக்கு அஞ்சி இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டு ஓடி, வேறு துறையில் தோணி ஏறியவன் இந்தக் கணக்கில் இறந்தவனாகிவிடுவான். ஒரே ஆள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் மூவராக எண்ணப்படுவான். ஆகவே எழுபதினாயிரம் என்பதை நான் இப்போது உறுதியான எண்ணாக எழுதுவதில்லை.

ஆனால் இந்த ஐயத்தைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு பேர் சாகவில்லை" என்று அன்றைய துரைமார் தப்பிக்கப் பார்த்ததுபோல நாமும் தப்ப முடியாது. நான்கில் ஒருவர் காணாமற்போயும், அவர் செத்தாரா, ஓடினாரா, ஊர் சேர்ந்தாரா என்று சொல்ல ஒரு நாட்டின் நிர்வாகத்தால் இயலவில்லை. கோப்பி மூட்டைகள் தொலைந்திருந்தால் அப்படி இருந்திருக்காது. ஏற்றுமதியான கோப்பிக்கு ஆண்டுவாரியாக, அந்தர் கணக்கில் பதிவுகள் இருக்கின்றன.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் நூல் டொனோவன் மொல்ட்றிச் எழுதியது. அவரும் ஒரு பத்திரிகையாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பித் தொழிலாளர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பெரிய நூல் 1989இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தார் செய்திருக்கவேண்டிய வேலையை ஒரு பத்திரிகைக்காரர் செய்து முடித்தார் என்பதில் எனக்குச் சிறிது தொழிற்கர்வமும் உண்டு.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1858இல், சட்டம் ஒன்று இயற்றி, குடிவரும் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். வழியில் தங்குமடங்கள், கிணறுகள், தோணிப் போக்குவரத்து ஆகியவற்றைச் சீர்செய்வது நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சோர்ந்துபோயிற்று. அதே 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அதே ஆளுநர், கொழும்பு–கண்டி புகையிரதப் பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார். அந்த வேலை சோரவில்லை. 1867இல் புகையிரதம் கடுகண்ணாவை மலையைச் சுற்றி ஏறி, பிலிமத்தலாவை வழியாகக் கண்டியை அடைந்தது. கோப்பிக்கு இரண்டாவது நல்ல வழியும் கிடைத்துவிட்டது. கூலியாள் அதன் பிறகும் வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து வந்துகொண்டிருந்தான். தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிய 1876–78 ஆண்டுகளில், எலும்புந்தோலுமான மக்கள் பெருங்கூட்டமாக வந்ததும் இந்தக் காட்டு வழியால்தான். பஞ்சம் முடிந்த சில ஆண்டுகளில் கோப்பியும் முடிந்தது. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைநோய், 1880களில் மலைநாட்டுக் கோப்பியை அடியோடு துடைத்தது. தேயிலை வந்தது. பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு வந்து லயத்தில் தங்கிவிட்டார்கள். கொள்ளைநோய் பயத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வடபாதை மூடப்பட்டது. ஆட்கள் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, ராகம முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்டார்கள். 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபோது, காட்டுப்பாதை தேவையற்றுப் போயிற்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். மருமகன் "காம்பிங்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு "முகாம்" என்றுதான் காதில் விழுந்தது. எங்கள் மக்களுக்கு முகாம் என்றால் ராகம முகாம். அக்கரையில் மண்டபம் முகாம். அது "மண்டபம் கேம்ப்" என்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. இலங்கைக்கு வருகிற தொழிலாளரைத் தடுத்துவைத்த அதே மண்டபத்தில், 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளைத் தங்கவைத்தார்கள். நாங்கள் வானிலிருந்து இறங்கி நின்றோமே, அந்த இடத்திலிருந்து சிறிது தூரத்தில், செட்டிகுளத்துக்கு அருகே, 2009இல் மெனிக் பாம் முகாம் இருந்தது. யுத்தத்தின் இறுதியில் பிடித்துவரப்பட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களில் பெரும்பகுதியினர் அங்கே வெள்ளைக் கூடாரங்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள்.

அவர்களிடையே மலையகத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி வடக்கே வந்தன. கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவில் நடத்திய காந்தீயம் இயக்கம், அவர்களை வன்னிக் காட்டோரங்களில் குடியேற்றியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அந்தக் குடியேற்றவாசிகள் காட்டை வெட்டி, கிணறு தோண்டி, பயிர் செய்து, பிறகு யுத்தத்தில் சிக்கினார்கள். தம் பாட்டன்மார் நூறாண்டுகளுக்கு முன் உயிர்பிழைத்துக் கடந்து சென்ற அதே காட்டுக்கு அவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது மருமகன் வீதியோரக் கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டான். சாரதி ஒலியெழுப்பி அழைத்த பிறகே எழுந்தான்.

அன்று மாலை தலைமன்னாரில் பழைய இறங்குதுறையைப் பார்த்தோம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று முடிவானது. மலையகத்திலிருந்து புகையிரதத்தில் வந்து, இந்தத் துறையில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1984இல் கப்பல் நின்றுபோகும்வரை அது நடந்தது. கண்டியிலும் ஹட்டனிலும் அந்தப் புகையிரதங்கள் புறப்படும்போது எழுந்த அழுகையை நான் நிருபராக நின்று கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி அன்று எழுதிய செய்தி ஆறு வரி.

அவர்கள் ஏன் போகவேண்டி வந்தது என்று மருமகன் கேட்டான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டது மிக எளிமையான ஒன்று: உன் தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தார்கள் என்பதற்குச் சான்று காட்டு. பாட்டனின் பெயரை எழுதிவைக்க யாரும் அக்கறைப்படவில்லை என்பதை நான் மேலே சொல்லியிருக்கிறேன். தலையாக மட்டும் எண்ணப்பட்டவர்களின் பேரர்களிடம், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அதே நாட்டின் நிர்வாகம் தாளைக் கேட்டது. பத்து இலட்சம் அளவிலான மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தப் பிரச்சினையின் கடைசி முடிச்சை அவிழ்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் திரும்பும்போதுதான் அவர்கள் நடந்த திசையில் நாங்கள் பயணித்தோம். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் என்பதை நினைவுகூர்ந்து, ஒரு கூட்டத்தினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடித்தார்கள். பதினாறு நாட்கள். வயதானவர்களும் நடந்தார்கள், சிங்கள, முஸ்லிம் அன்பர்களும் சேர்ந்து நடந்தார்கள். முழங்கால் வலியைச் சாட்டாகச் சொல்லி நான் மாத்தளையில் மட்டும் சேர்ந்துகொண்டேன். இப்போது வானில் உட்கார்ந்தபடி அந்தத் தூரத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கினோம். காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மரத்தடியில் வைத்து வணங்கிய தெய்வம் என்பது மரபு. அம்மையும் வாந்திபேதியும் தின்று மிச்சம் வைத்தவர்கள், முதலில் மாரியை வணங்கியதில் வியப்பில்லை. 1983இல் தீவைக்கப்பட்ட கோயில்; மீண்டும் கட்டியிருக்கிறார்கள். மருமகன் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "யார் பேருக்கு மாமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் தன் பெயரையே சொன்னான்.

என் தந்தையின் பாட்டனார்தான் இந்தப் பாதையால் முதலில் வந்தவர். கோப்பிக் காலத்தின் இறுதியில் வந்திருக்கவேண்டும். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஊர் எது என்று கேட்டால், "நமக்குத் தொண்டி" என்று தந்தையார் சொல்லுவார். பல ஆண்டுகள் நானும் அதை நம்பி, தொண்டிக்குப் போய் உறவினரைத் தேடவேண்டும் என்று எண்ணியிருந்தேன். பிறகு ஒருநாள் பழைய அறிக்கையொன்றில் தொழிலாளர் தோணியேறிய துறைகளின் பட்டியலைப் படித்தபோது உறைத்தது. பாட்டனார் தொண்டியில் பிறந்ததாக எந்த நிச்சயமும் இல்லை. கடைசியாகக் கண்ட கரை அது. பிள்ளைகளுக்கு ஊர் என்று அதைத்தான் சொல்லியிருக்கிறார், அல்லது அவர்கள் அதைத்தான் நினைவில் வைத்தார்கள்.

மருமகன் திரும்பிச் செல்வதற்கு முதல் நாள், பிலிமத்தலாவைக்கு அருகே உள்ள கடலாதெனிய விகாரைக்கு அவனை அழைத்துப் போனேன். 1344ஆம் ஆண்டு கட்டப்பட்டது. தென்னிந்தியப் பாணிக் கற்கட்டடம். அதைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேஸ்வராசாரி என்று அங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அக்கரையிலிருந்து வேலைக்கு வந்த ஒருவருடைய பெயர், பாறையில் இருக்கிறது. மருமகன் அந்தப் பாறையை நெடுநேரம் படம் எடுத்தான். அங்கிருந்து கடுகண்ணாவைக்குப் போய் டோசன் கோபுரத்தையும் பார்த்தோம். அதன் கல்லில் உள்ள ஆங்கில வரிகளை அவன் உரத்து வாசித்தான். பெயர், பதவி, இறந்த திகதி எல்லாம் இருந்தன.

கூடாரத்தை அவன் பிரிக்கவே இல்லை. அடுத்த முறை வரும்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடக்கப் போவதாகச் சொல்லி, அதை என் வீட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எந்த மாதத்தில் நடப்பது நல்லது என்று சென்ற வாரம் எழுதிக் கேட்டிருந்தான்.